எகிப்துக்குத் தூக்காத கை

சிதம்பரத்தில் ஒரு ஆருத்ரா தரிசனத்தன்று, சாமி வெளியே வருவதற்கு முன்பே நூற்றுக்கணக்கான ஜனங்கள் கையைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டார்கள். அதற்குக் காரணம் எங்கள் அண்ணன்.

நெரிசலில் பின்னால் நகர்ந்தபோது அவர் ஒரு அம்மாளின் காலை மிதித்துவிட்டார். வேறு யாராவது என்றால் "அடடா" என்று சொல்லிவிட்டு மேலே போவார்கள். சிலர் மிதிபட்ட காலையே திட்டுவார்கள். இவர் சட்டென்று வலது கையை நேராக வானத்துக்குத் தூக்கினார். ஆள் ஆறடிக்கும் மேலே. அத்தனை தலைகளுக்கும் மேலே அந்தக் கை மட்டும் தனியாகத் தெரிந்தது. பின்னால் நின்றவர்கள் சாமி கிளம்பிவிட்டது என்று முடிவு செய்தார்கள். ஒருவர் தூக்க, பத்துப் பேர் தூக்க, யாரோ ஒரு அவசரக்காரர் சங்கை எடுத்து ஊதியேவிட்டார்.

"அண்ணே, இந்த ஊர்ல சாமி காலத் தூக்குது, நீங்க கையத் தூக்கறீங்க. ஒரு ஊருக்கு ஒருத்தர் தூக்கினா போதாதா?" என்றேன்.

"மிதிச்சது நான்தானடா" என்றார், கையை இறக்காமல்.

கடைசியில் அந்த அம்மாளே கெஞ்சினார்கள். "போதும்பா, எறக்கு. எனக்கு ஒன்னும் ஆவல. எல்லாரும் என்னையே பாக்கறாங்க."

அப்புறம்தான் இறக்கினார்.

கூடப் பிறந்தவர் இல்லை, நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கேயாவது உட்கார்ந்து படித்துவிட்டு, கோயிலில் அப்படிக் குழப்பம் உண்டாக்கியது தப்புதானே என்று மறுபடி ஒரு தடவை கையைத் தூக்குவார். பக்கத்தில் இருப்பவர்கள் பயந்துபோவார்கள்.

கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஒரு மல்லாக்கொட்டை மண்டியில், அதாவது நிலக்கடலைக் கிடங்கில், அவருக்கு வேலை. மூட்டை ஏற்றுகிற இடத்தை மேற்பார்வை பார்க்கிற உத்தியோகம். அதற்கு முன்னால் யுத்தத்தில் பட்டாளத்துக்குப் போய் எகிப்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் ட்ரங்குப் பெட்டி கொண்டுவந்தார்கள், கம்பளி கொண்டுவந்தார்கள். இவர் பேஸ்கட்பாலைக் கொண்டுவந்தார். மண்டிக்குப் பின்னால் காய்ந்து இறுகிப்போன உவர்மண் தரையில் இரண்டு பனங்கம்பத்தை நட்டு, பழைய பீப்பாயின் இரும்பு வளையங்களை அதில் அடித்து, எங்களைப் பிடித்து நிறுத்தினார். நான் எட்டாம் வகுப்போடு படிப்புக்கு விடுதலை கொடுத்துவிட்டு, மாமாவின் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஓடத் தெரியும், வாயாடத் தெரியும். ஒரு டீமுக்கு அது போதும் என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்த முதல் சட்டமே அதுதான். ஃபவுல் செய்தவன் கையைத் தூக்க வேண்டும். யார் செய்தது என்று எழுதுகிறவருக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக. எல்லா ஊரிலும் அம்பயர் விசில் ஊதுவார், ஆட்டக்காரன் முகத்தைச் சுளித்துக்கொண்டு அரைக் கை தூக்குவான். எங்கள் அண்ணனிடம் வரிசை தலைகீழ். முதலில் கை, அப்புறம்தான் விசில். அம்பயர் பார்க்காததுக்கும் தூக்குவார், பார்த்துவிட்டு, போனால் போகிறது என்று விட்டதுக்கும் தூக்குவார். நெய்வேலிப் பக்கத்திலிருந்து ஊத வந்த ஒருத்தர் பாதி ஆட்டத்தில் விசிலைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டார்.

"நீங்களே ஊதிக்கிங்க சார். நான் எதுக்கு நடுவுல?"

இதனால் பல ஆட்டங்களில் ஒரு ஆளுக்கு இத்தனைதான் என்கிற ஃபவுல் கணக்கு அவருக்கு நிறைந்து, பாதியிலேயே வெளியே போய் உட்கார்ந்துவிடுவார். எதிராளிகள் அவரை வெளியேற்ற ஒரு சிரமமும் பட வேண்டாம். அவரே தன்னை வெளியேற்றிக்கொள்வார்.

ஆடுகளத்தோடு நின்றால் நான் ஏன் எழுதப்போகிறேன்? ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைத் தண்ணீரைத் தட்டிவிட்டார். கை போனது மேலே. பாயசம் கேட்கிறார் என்று பரிமாறுகிறவர் ஓடிவந்து ஊற்றினார். "இல்லைங்க, தண்ணிய கொட்டிட்டேன்" என்று மறுபடி தூக்கினார். இன்னொரு கரண்டி விழுந்தது. நான் அவருக்கு அடுத்த இலைதான். "அண்ணே, அப்படியே எனக்கும் ஒரு தப்பு பண்ணுங்க" என்றேன்.

வீட்டில் எப்படி என்று அண்ணியைக் கேட்டேன். அண்ணி குறிஞ்சிப்பாடிக்காரர். பேச்சில் எனக்கே அக்காவாக இருக்கத் தகுந்தவர்.

"காலைல பானைய ஒடச்சிட்டு கையத் தூக்கிகினு நிக்கறாரு. நான் என்னா பண்றது சொல்லு? திட்டவும் முடியல. கையத் தூக்கினு நிக்கற ஆள திட்டினா, நான்தான் புடிச்சி நிக்க வச்ச மாதிரி இருக்குது."

பாண்டிச்சேரிக்கு ஒரு தடவை அவர் கூடப் போனேன். அப்போது அது பிரெஞ்சுக்காரர் ஊர். நடுவில் சுங்கச்சாவடி உண்டு, திரும்பி வரும்போது பையைத் துழாவுவார்கள். வழவழவென்று ராஜா ராணி படம் போட்ட ஒரு சீட்டுக்கட்டு வாங்கி, அவர் முகத்துக்கு யாரும் பையைத் துழாவமாட்டார்கள் என்று அவர் கண்ணெதிரிலேயே அவர் சைக்கிள் பையில் போட்டேன். சாவடிக்காரர் அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் மரியாதையாகப் "போங்க" என்று சொல்லிவிட்டார். அண்ணன் பத்தடி போனார். சைக்கிளை நிறுத்தினார். நின்ற இடத்திலிருந்தே கையைத் தூக்கினார்.

"என்னாய்யா?"

"சீட்டுக்கட்டு ஒன்னு இருக்குதுங்க. என் பையில."

சாவடிக்காரர் தலையைச் சொறிந்தார். "இதுக்கெல்லாம் என்னா தீர்வைன்னு எனக்கே தெரியாதுய்யா. எடுத்துகினு போய்யா."

"தெரியலன்னா நீங்களே வச்சிக்கிங்க. தெரிஞ்சப்புறம் வாங்கிக்கறோம்."

சாவடியில் அன்றைக்கு ராஜா ராணியோடு நல்ல ஆட்டம் நடந்திருக்கும். நான் கடலூர் வரைக்கும் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அவர் ஞாயிறுதோறும் பாண்டிச்சேரிக்கு மிதித்துக்கொண்டு போனதற்குக் காரணம் வேறு. சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிற கோடைகாலம் அது. ஐரோப்பா கண்டத்து நாடுகளெல்லாம் தங்கள் தங்கள் தேசத்து டீமை அனுப்பி, யார் பெரியவன் என்று பார்க்கிற பேஸ்கட்பால் பந்தயம் அந்த வருஷம் எகிப்தில், கெய்ரோவில் நடந்தது. இவர் லாரி ஓட்டிய அதே ஊர். அங்கே பட்டாளத்து மைதானத்தில் இவரோடு ஆடிய உள்ளூர்ப் பையன்களைப் பற்றி எங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பாண்டிச்சேரியில் அவருடைய மச்சான் ஒருவர் பிரெஞ்சுப் பேப்பர் படிக்கத் தெரிந்தவர். பேப்பர் கப்பலேறி வந்து சேர்வதற்குள் பந்தயமே முடிந்துபோயிருக்கும். எங்களுக்கு அதனால் என்ன? வாரத்துக்கு ஒரு ஆட்டம் என்று சுடச்சுட வந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் அந்த ஆட்டத்தை நாங்கள் ஆட வேண்டும். அதுதான் அவர் முறை. "டேய், நீ துருக்கி. நீங்க நாலு பேரும் கிரீஸு" என்று ஆளைப் பிரிப்பார். எங்கள் கேப்டன் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கிளார்க். அவர்தான் எகிப்து. எனக்கு லெபனான். அது யாரிடமும் ஜெயிக்கவில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

"ஏண்ணே எனக்கு மட்டும் இந்த நாடு?"

"தோக்கும்போதும் வாய் ஓயாத ஆளு ஒருத்தன் வேணும்டா அதுக்கு."

தனக்கு அவர் பிரான்ஸை எடுத்துக்கொண்டார். பாண்டிச்சேரி மச்சானுக்கு மரியாதை. கடைசி ஆட்டம் எகிப்துக்கும் பிரான்ஸுக்கும். கடலூர் துறைமுகத்தில், மல்லாக்கொட்டைத் தூசிக்கு நடுவில், மண்டி ஆட்கள் மூட்டை மேல் உட்கார்ந்து பார்க்க, அது நடந்தது. எகிப்து பந்தோடு ஓடிற்று. பிரான்ஸ் குறுக்கே போய் மோதிற்று. உடனே பிரான்ஸ் கையைத் தூக்கிற்று.

"கெய்ரோவுலயும் பிரான்ஸ்காரன் தூக்கினானா?" என்று கத்தினேன்.

"அது பேப்பர்ல போடல" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே.

ஆட்டம் முடிந்ததும் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். "எகிப்து ஜெயிச்சிடுச்சுடா. இப்ப ஐரோப்பாவுக்கு சாம்பியன் எகிப்துதான்."

நான் எழுந்து நின்றேன். பள்ளிக்கூடத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். எகிப்து எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கு நான் ஆசியா என்று சொல்ல, பூகோள வாத்தியார் பிரம்பால் என் கையில் ஆப்பிரிக்காவை வரைந்துவிட்டார். அது மறக்கக் கூடிய பாடம் இல்லை.

"அண்ணே! எகிப்து ஆப்பிரிக்கா! எனக்கே தெரியும்! அவன் எப்படி ஐரோப்பாவுக்கு சாம்பியன் ஆவான்? புவனகிரிக்காரன் பர்மாவுக்கு ராஜா ஆவானா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் நிதானமாகச் சொல்லிப் பார்த்தார். ஆப்பிரிக்காவில் அப்படிப் பந்தயம் கிடையாது, அதனால் எகிப்து ஐரோப்பாக்காரர்களோடு சேர்ந்துதான் ஆடுகிறது. போன தடவை ஜெயித்தவனும் நடத்தவில்லை, இரண்டாவது வந்தவனும் நடத்தவில்லை, மூன்றாவது வந்த எகிப்து நான் நடத்துகிறேன் என்று வாங்கிக்கொண்டது. ஒருவனும் நம்பவில்லை. "மச்சான்காரன் இவருக்கு நல்லா காது குத்திட்டான்யா" என்றார் கேப்டன். மண்டி ஆட்கள் வரைக்கும் அது பரவிற்று. அண்ணன் தெருவில் போனால் "எகிப்து எந்தக் கண்டம்?" என்று யாராவது ஒரு குரல் கொடுப்பார்கள். முக்கால்வாசி அது என் குரல்.

"தப்புன்னு ஒத்துக்கினு கையத் தூக்கிடுங்க அண்ணே, வுட்டுர்றோம்" என்பேன்.

அவர் தூக்கவில்லை. சிரித்துக்கொண்டே போய்விடுவார். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால்தான் சிதம்பரத்து டீமோடு எங்களுக்கு ஆட்டம் வைத்தார்கள். ஜெயிக்கிற டீம் மெட்ராஸுக்குப் போய், மாகாணம் முழுக்க இருந்து வருகிற டீம்களோடு ஆடலாம். எங்களுக்கு மெட்ராஸ் என்றால் கடற்கரை, டிராம் வண்டி, பீச்சில் சுண்டல். அண்ணனுக்கு அப்படி இல்லை. முழங்கால் அவருக்கு வீங்க ஆரம்பித்திருந்தது. காலையில் எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார் என்று அண்ணி சொன்னார்கள். "இந்த வருஷம் போனா உண்டுடா. ஒரு தடவையாவது மெட்ராஸ்ல ஆடிடணும்" என்று என்னிடமே சொன்னார். அங்கே சிமெண்டுத் தரை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மச்சானைக் கொண்டு பாண்டிச்சேரியில் ஒரு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் ஷூ வாங்கி வைத்திருந்தார். எங்கள் மண் தரையில் அதைப் படவிடவில்லை. வீட்டுக்குள் மட்டும் போட்டுக்கொண்டு இரண்டு நடை நடந்துவிட்டு, துடைத்துக் காகிதத்தில் சுற்றி வைத்துவிடுவார்.

கிளம்புகிற அன்று காலையில் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள்.

"தம்பி, இன்னைக்கு ஒரு நாளு அந்தக் கைய கொஞ்சம் புடிச்சிக்கடா. அந்த மனுஷன் ஆசைன்னு ஒன்னு பட்டு நான் பாத்ததே இதுதான்."

"இன்னைக்கு அந்தக் கை என் பொறுப்பு அண்ணி."

ரயிலில் கேப்டனும் அவரிடம் கேட்டுக்கொண்டார். "இன்னைக்கு அம்பயர் பாத்தா பாக்கட்டும், பாக்கலன்னா வுட்டுடுப்பா. எதிராளி ஒருத்தனாவது தூக்கறானா?"

அண்ணன் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானா எங்கய்யா தூக்கறேன்? அது தானா போவுது."

ஷூ பொட்டலத்தை அவர் கையோடு கொண்டுவந்திருந்தார். ஜெயித்த பிறகு அங்கேயே ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்று எண்ணம் போல. ஆட வெறுங்காலோடுதான் இறங்கினார்.

அவர் அப்படி ஆடி நான் பார்த்ததில்லை. வீங்கின முழங்காலை வைத்துக்கொண்டு அவர் எழும்பின உயரத்துக்குச் சிதம்பரத்து ஜனங்களே கை தட்டினார்கள். நடுவில் அங்கங்கே கை மேலே போகத்தான் போயிற்று, ஆனாலும் கடைசி நிமிஷம் வரைக்கும் அவர் களத்தில் இருந்தார். இரண்டு டீமும் சமம். அவர்கள் பந்து போட வேண்டிய கூடைக்குக் கீழே பந்துக்காக ஒரே தள்ளுமுள்ளு. எப்படியோ பந்து எங்கள் கேப்டனிடம் வந்து விழுந்தது. கேப்டன் திரும்பி, நாங்கள் போட வேண்டிய எதிர்க் கூடைக்கு ஓட வேண்டியதுதான் பாக்கி. எதிரே ஒரு ஈ காக்காய் இல்லை. மெட்ராஸ் எனக்கு அங்கிருந்தே தெரிந்தது.

அண்ணனின் பக்கத்தில் சிதம்பரத்துக் கண்ணாடிக்காரன் ஒருவன் இடுப்பைத் தடவிக்கொண்டு நின்றான். அண்ணன் அவனைப் பார்த்தார். அவர் தோள் அசைந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. பாய்ந்து போய் அவர் வலது கையில் இரண்டு கையாலும் தொங்கிவிட்டேன்.

"வேணாம்ணே! அம்பயர் பாக்கல! வேணாம்!"

இடது கை மேலே போயிற்று.

விசில் ஊதிற்று. கேப்டன் போட்ட பந்து வளையத்துக்குள் அழகாக விழுந்தது, ஆனால் அதற்கு முன்பே ஆட்டம் நின்றுவிட்டது. "முட்டியால இடிச்சிட்டேங்க. அவர் இடுப்புல" என்றார் அண்ணன் அம்பயரிடம். கண்ணாடிக்காரனுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று கூடைக்குப் போடுவது.

நான் கையை விடவில்லை. இன்னும் ஏதாவது ஞாபகத்துக்கு வந்து தூக்கிவிட்டால்? தரையில் கால் படாமல், கிளையைப் பிடித்த குரங்கு மாதிரி அந்தக் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்காரன் கோட்டில் நின்று மூச்சை இழுத்துப் பந்தைத் தூக்கினான். கண் என் மேல் பட்டது. பக்கென்று சிரித்துவிட்டான். பந்து வளையத்தில் இடித்து வெளியே விழுந்தது.

கடலூர்க்காரர்கள் போட்ட சத்தத்தில் கோபுரத்துப் புறாவெல்லாம் பறந்திருக்கும். தப்பித்தோம் என்று நான் கண்ணை மூடினேன். மூடின நிலையிலேயே உயரே போவது போல இருந்தது. கண்ணைத் திறந்தேன். உயரே போய்க்கொண்டுதான் இருந்தேன். அண்ணன் என்னோடு சேர்த்து வலது கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க ஆளு சிரிப்பு காட்டிட்டாங்க. அதனாலதான் போச்சு. அவருக்கு இன்னொன்னு குடுங்க."

அம்பயர் அவர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "ஏன்யா, நீ எந்த ஊரு டீமுய்யா?"

"கடலூருங்க."

அம்பயர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு பந்தை எடுத்துக் கண்ணாடிக்காரனிடம் கொடுத்தார். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. அண்ணன் அதற்குள் என்னைத் தரையில் இறக்கிவிட்டிருந்தார். பந்து உள்ளே விழுந்தது. அப்புறம் நேரம் முடிந்துவிட்டது.

ஊர் வந்து சேர்ந்ததும் அண்ணி வாசலிலேயே என்னைக் கேட்டார்கள், "புடிச்சியா?" என்று. "புடிச்சேன் அண்ணி. ஒரு ஆளு பத்தாது" என்றேன். அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் போட உள்ளே போனார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் ரயிலில் நடந்தது.

திரும்பி வருகிற வண்டியில் யாரும் அவரோடு பேசவில்லை. கேப்டன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் வேகவைத்த மல்லாக்கொட்டை வாங்கி எல்லோருக்கும் நீட்டினார். ஒருவனும் கை நீட்டவில்லை. பொட்டலத்தை நடுவில் வைத்துவிட்டு, ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வலது கை அந்தக் காகிதத்தின் மேல் இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. பரங்கிப்பேட்டை தாண்டியதும் ஆரம்பித்தேன்.

"ஏண்ணே, உங்களுக்கு மெட்ராஸ் போவணும்னு ஆசையே இல்லையா?"

"எனக்குந்தான்டா இருந்துச்சு" என்றார்.

அந்தக் குரலுக்கு நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

"பாக்காத தப்புக்கு ஒரு கை. நான் பண்ண தப்புக்கு ஒரு கை. கோயில்ல தூக்குவீங்க, பந்தியில தூக்குவீங்க, சாவடியில தூக்குவீங்க. எகிப்து ஐரோப்பா சாம்பியன்னு ஒன்ன அவுத்து வுட்டீங்களே, அதுக்கு மட்டும் ஏன் தூக்கல? இப்ப தூக்குங்க. இங்கயே. எல்லாரும் பாக்கறோம்."

கேப்டன் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். மற்றவர்களும் திரும்பினார்கள். எல்லோர் கண்ணும் அந்தக் கையின் மேல் இருந்தது.

"அது நடந்துச்சுடா" என்றார் அண்ணன்.

அவ்வளவுதான். கோபம் இல்லை, விளக்கம் இல்லை. கை ஷூ பொட்டலத்தின் மேலேயே இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் முன்னால் அதே கையில்தான் நான் தொங்கினேன். என்னைத் தூக்கிக்கொண்டு, மெட்ராஸையும் தூக்கிப் போட்டுவிட்டு மேலே போன கை. புதுச்சத்திரம் வந்தது. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். கை அசையவில்லை. வண்டி குலுங்கிக் கிளம்பியது. அப்போதும் அசையவில்லை.

கேப்டன்தான் முதலில் மல்லாக்கொட்டைப் பொட்டலத்தை எடுத்தார். ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, "அப்ப பிரான்ஸு ரெண்டாவதாப்பா?" என்று கேட்டார், சாதாரணமாக.

"ஆமா. கிரீஸு மூணாவது."

"லெபனானு?" என்றேன் நான்.

"நீ கடைசிடா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிரம்படி வாங்கிப் படித்த என் ஒரே பாடத்தை ஆலப்பாக்கத்துக்கு முன்னாலேயே ஜன்னல் வழியாக விட்டுவிட்டேன். இன்றைக்கும் யாராவது பூகோளப் படத்தைக் காட்டி எகிப்து எங்கே இருக்கிறது பார் என்றால் நான் சண்டைக்குப் போவதில்லை. அது படத்தில் எங்கே வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் கோடையில் ஐரோப்பாவுக்கு சாம்பியன் எகிப்துதான். அண்ணன் கையைத் தூக்கவில்லை.